வெயிலுக்குக் காத்திருக்கும் பருந்து



தோட்டப்புறங்களில் ரப்பர்ப் பால் வெட்டிய மூத்தவர்களிடம் ஒரு கேள்வி. இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, ரப்பர்த் தீம்பாருக்குள் நுழைந்தீர்களே, ஏன்? வெயில் ஏறினால் பால் சரியாக இறங்காது. இலை வழியே நீர் ஆவியாகப் போகப்போக, பட்டைக்குள் பாலைத் தள்ளும் அழுத்தம் குறைந்துவிடும். புத்தகம் படிக்காமலே உங்கள் கைக்கு இது தெரிந்திருந்தது.

நீங்கள் வெயிலை முந்தினீர்கள். அதே வெயிலுக்காகக் காத்திருக்கும் ஒரு கூட்டம் உண்டு. நம் மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், சுமத்ராவை ஒட்டிய ரூபாத் தீவில்!

அவை தேன்பருந்துகள். குளவிக் கூட்டைக் கண்டால் நாம் ஓடுவோம். இந்தப் பறவை தேடிப் போய்ப் பிய்த்துத் தின்னும். கொடுக்குப் படாதபடி அதன் முகத்தில் செதில்போல் நெருக்கமான சிற்றிறகுகள். சைபீரியாவிலும் ஜப்பானிலும் குஞ்சு பொரிக்கும். குளிருக்குத் தப்பி இந்தோனேசியா வரை இறங்கும். பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை ஊர் திரும்பும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்!

இறக்கையை அடித்துக்கொண்டே அவ்வளவு தூரம் போக முடியுமா? களைத்து விழுந்துவிடும். வெயில் பட்டுத் தரை சூடாகிறது; தரையை ஒட்டிய காற்று சூடேறி, இலேசாகி, மேலே எழுகிறது. பருந்து இறக்கையை விரித்து அதற்குள் வட்டமிடும். காற்றே அதைத் தூக்கிவிடும். உச்சிக்குப் போனதும் சறுக்கிக்கொண்டே அடுத்த சூட்டுக் காற்றைப் பிடிக்கும். ஏறுவது வெயிலின் செலவு. இறங்குவது ஏறிய உயரத்தின் செலவு.

கடலில்தான் சிக்கல். தண்ணீர் மெதுவாகச் சூடாகும். தூக்கிவிடும் காற்று அங்கே கிடைப்பது அரிது. அதனால் பருந்து நீரிணை குறுகும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ரூபாத்திலிருந்து நம் மலேசியக் கரையின் தஞ்சோங் துவான் முனைக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை இறக்கை அடித்தே கடந்து, களைத்துத் தாழ்ந்து வருகிறது. அங்கே 1863இல் எழுந்த கலங்கரை விளக்கின் பக்கத்தில், சில நேரம் மரத்தலைக்கு மேலேயே பார்க்கலாம். கரையின் சூடு பட்டதும், ஒன்று, பத்து, நூறு என்று வட்டமிட்டு மேலெழும். அந்தக் காட்சிக்காகவே மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டில் பருந்து காணும் விழாவைத் தொடங்கியது.

அந்த முனையில் மிஞ்சியிருப்பது சிறு காடுதான். கடல் தாண்டி வரும் பருந்துக்கு முதலில் தெரியும் மரநிழல் அது. அதைக் காப்பது நம் கடமை.

மார்ச் மாதத்தில் குடும்பத்தோடு போங்கள். காலை 11 மணிக்கு மேல் போனால் போதும். வெயில் ஏறிய பிறகுதானே பருந்து கிளம்பும்; அதற்குப் பெரட்டு கிடையாது! பாட்டியையும் அழைத்துப் போங்கள். பருந்து ஏன் இத்தனை தாமதமாக வருகிறது என்று பேரன் சொல்லட்டும். பால் ஏன் அத்தனை சீக்கிரம் வெட்டினோம் என்று பாட்டி சொல்லட்டும். இரண்டு பாடத்துக்கும் வாத்தியார் ஒரே வெயில்தான்.