கறிவேப்பிலைப் புழுவை வளர்த்து அறிதல்

(புசல்லாவைப் பகுதிக் கமக்காரருக்கான பேச்சு)



உங்கள் வீட்டுத்தோட்டத்துக் கறிவேப்பிலையையோ தேசிமரத்தையோ உற்று நோக்குவீர்களாயின், இலையின்மேல் பறவையின் எச்சம் போன்ற சிறு புழுவொன்றைக் காணக்கூடும். பறவைகளின் கண்ணுக்குத் தப்ப அது கொண்ட வேடம் அது. வளர்ந்தபின் பச்சை நிறமாகும். தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவர்க்கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் வீசும்.

ஆனால், இவ்வாறு தோன்றுபவை யாவும் ஓரினம் அல்ல. ஒன்று, மஞ்சட்புள்ளிகள் நிறைந்த வாலற்ற வண்ணத்துப்பூச்சியாகும். மற்றொன்று, கரிய சிறகும் வாலும் உடையதாகும்; அதன் பெண்களுட் சில, உண்ணத்தகாத வேறோர் இனத்தைப்போலச் சிவப்புப் புள்ளிகளுடன் தோன்றி எம்மையும் ஏமாற்றும். இளம் புழுவாயிருக்கையில் இவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று. வளர்த்துப் பார்ப்பதே நல்ல வழி.

வாயகன்ற போத்தலில் புழுவை இலைக்கொத்தோடு வைத்து, மெல்லிய துணியாற் கட்டுக. எந்தச் செடியிற் கண்டீர்களோ அதன் புதிய இலையையே நாள்தோறும் இடுதல் வேண்டும். பொருந்தாத இலையைத் தின்னாது பட்டினி கிடந்தே மடியும். பீடைநாசினி தெளித்த இலை ஆகாது. கழிவை அன்றன்றே அகற்றுக. ஈரம் தேங்கினாற் பூஞ்சணம் பிடிக்கும். புழு உணவை விட்டு அலையத் தொடங்கியதும் குச்சியொன்றைச் சாய்த்து வைத்தால், அதிலே நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். புசல்லாவைக் குளிரில் இது விரியச் சற்றுத் தாமதமாகலாம், பொறுத்திருங்கள்.

சிலவேளை வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வெளிவரும். பிள்ளைகள் ஏமாற்றமடைவர், நீங்களோ மகிழலாம். கோவாவை அரிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுக்களையும் இத்தகைய குளவிகளே உள்ளிருந்து தின்று அழிக்கின்றன. கண்ட புழுவுக்கெல்லாம் மருந்தடித்தால் இந்த நண்பர்களும் மாள்வர்.

நெல்லிலையில் இரு கொம்புடைய பச்சைப் புழுவைக் கண்டு அஞ்சுவோர் உளர். அஃது அந்தியிற் பறக்கும் மண்ணிற வண்ணத்துப்பூச்சியின் புழு. பெருஞ்சேதம் விளைப்பது அரிது. 2018ஆம் ஆண்டில் எமது சோளப் பயிரிற் புகுந்த படைப்புழுவின் கதை வேறு. "சேனா" என வழங்கும் இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். தலையிற் கவிழ்த்த கவட்டை போன்ற வெளிறிய கோடும், வாலருகே சதுரமாய் நான்கு கரும்புள்ளிகளும் இதன் அடையாளம். இது மண்ணுட் கூட்டுப்புழுவாவதால், போத்தலின் அடியில் இரண்டு அங்குல ஈரமண் இடுக. வெளிவரும் அந்துப்பூச்சியைத் தப்பவிடாதீர்கள்.

அறியாத புழுவைக் கண்டால், பயிரின் பெயரையும் திகதியையும் குறித்து, இலையோடு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். மயிர்க்கொட்டியை மட்டும் வெறுங்கையால் எடுக்கவேண்டாம்.