அளக்க வேண்டியது தாயை மட்டுமா?

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அரசாங்க உதவிப் பணத்தில் வாழும் குடும்பம் தன் உழைப்பால் வாழும் நிலைக்கு உயர வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபட்ட கருத்து இராது. உதவி பெறுவோரும் அதையே விரும்புகின்றனர். பொதுசன உதவிப் பணத்துக்குப் ‘பிச்சைச் சம்பளம்’ என்று பெயர் சூட்டிய ஊரிலே, மானமுள்ள எந்தத் தாய் அதனை ஆயுள் முழுவதும் வாங்க விரும்புவாள்? ஆகவே, பெற்றாரை வேலைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதன்று நம்முன் உள்ள கேள்வி. அனுப்புமுன் எதை ஆராய வேண்டும்? எவ்வாறு திட்டமிட வேண்டும்? அத்திட்டத்தில் யார் யாருக்குக் கடமைப்பட்டவர்? இவையே கேள்விகள்.

இக்கேள்விகளுக்குச் சட்டத்தின் மூலம் விடை காண முயன்ற நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே விளைந்த நன்மையையும் தீமையையும் நாம் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், அதே பாதையில் நம் நாடும் இன்று அடியெடுத்து வைக்கின்றது.

அமெரிக்கச் சட்டம் கூறுவது என்ன?

1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், பெற்றாரின் ஆதரவை இழந்த பிள்ளைகளுக்கு உதவிப் பணம் வழங்க வழி செய்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலவிய அந்த ஏற்பாட்டை, 1996 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் திகதி ஜனாதிபதி கிளின்டன் ஒப்பமிட்ட புதிய சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. மத்திய அரசாங்கத்தின் பணத்திலிருந்து ஒரு குடும்பம் வாழ்நாளில் 60 மாதங்களுக்கு மேல் உதவி பெறலாகாது. மாநிலம் விரும்பினால், இடர்ப்பாடு காரணமாக 100 குடும்பங்களில் 20 குடும்பங்களுக்கு மட்டும் விலக்களிக்கலாம். பெற்றார் வேலைக்கு ஆயத்தமானவர் என்று மாநிலம் தீர்மானித்தவுடனேயோ, அன்றி 24 மாதங்கள் கழிந்தவுடனேயோ, எது முந்தியதோ அப்போது அவர் தொழில் முயற்சியில் ஈடுபட வேண்டும். பொதுவாக வாரத்துக்கு 30 மணித்தியாலம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனித்து வளர்ப்பவருக்கு 20 மணித்தியாலம்.

‘ஆயத்தமானவர்’ என்று எவ்வாறு அறிவது? உதவிக்குத் தகுதி பெற்ற 30 நாட்களுக்குள், மாநிலம் விரும்பினால் 90 நாட்களுக்குள், அவருடைய திறமை, முன்னைய தொழில் அனுபவம், வேலை பெறும் தகுதி ஆகிய மூன்றையும் மதிப்பிட வேண்டும் என்பது விதி. அதனை அடிப்படையாகக் கொண்டு அவருக்கெனத் தனித் திட்டமொன்று வரையலாம். அடைய வேண்டிய தொழில் எது, பெற்றாரின் கடமைகள் எவை, அரசாங்கம் செய்து கொடுக்கும் உதவிகள் எவை என்பன அத்திட்டத்தில் எழுதப்படும்.

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உற்று நோக்குங்கள். திறமை, அனுபவம், தகுதி ஆகிய மூன்றும் தாயைப் பற்றியவை. அவள் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் பஸ் உண்டா? இரவு வேலையானால் பிள்ளையைப் பார்ப்பவர் யார்? வரும் சம்பளத்தில் பிரயாணச் செலவும் பிள்ளை பராமரிப்புச் செலவும் போக மிஞ்சுவது எவ்வளவு? இவை தாயின் தகுதியைப் பற்றியவை அல்ல. அவளைச் சூழ்ந்த உலகத்தைப் பற்றியவை. நிலத்தைப் பாராமல் விதையை மட்டும் சோதித்து விதைக்கும் கமக்காரன் உண்டா? விதை பழுதற்றதாயினும், நீர் பாயாத நிலத்தில் அது முளைக்குமா?

இன்னுமொன்று. திட்டத்தில் இரு பக்கத்துக் கடமைகளும் எழுதப்படுகின்றன. பெற்றார் தக்க காரணமின்றித் தம் கடமையில் தவறினால், உதவியைக் குறைக்கச் சட்டம் இடந்தருகிறது. அரசாங்கம் தன் வாக்கில் தவறினால் பெற்றாருக்கு என்ன பரிகாரம்? திட்டத்தைப் பற்றிய அப்பிரிவிலே அதற்கு விடையில்லை. கடமை இருவருக்கும் உண்டு, தண்டனையோ ஒருவருக்கே! ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனித்து வளர்க்கும் தாய், பிள்ளை பராமரிப்புக் கிடைக்கவில்லை என்று நிரூபித்தால் தண்டிக்கலாகாது என ஒரு பாதுகாப்பு இருப்பது உண்மையே. ஆனால் நிரூபிக்கும் பாரம் தாயின் தலையிலேயே சுமத்தப்பட்டிருக்கிறது.

ஆராய்ந்தவர்கள் கண்டவை

முதலில் வேலையா, முதலில் கல்வியா என்ற வாதம் அமெரிக்காவிலே நீண்ட காலமாக நடந்தது. இதைத் தீர்க்க 11 வேலைத்திட்டங்களில் 40,000க்கு மேற்பட்டவர்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 2001 இல் முடிவை வெளியிட்டனர். எல்லோரையும் உடனே வேலை தேட அனுப்பிய இடங்களில் வருமானம் விரைவில் வந்தது. எல்லோரையும் முதலில் படிக்க வைத்த இடங்கள், ஐந்தாண்டு முடிவிலும் அவற்றை விஞ்சவில்லை. யாவற்றினும் மேலான பலன் தந்தது ஒறிகன் மாநிலத்துப் போட்லன்ட் நகரம். அங்கே சிலரை நேரே வேலை தேடவும், சிலரை முதலில் குறுகிய காலப் பயிற்சி பெறவும் அனுப்பினர். கிடைத்த முதல் வேலையைப் பற்றிக்கொள்ளாமல், நிலைத்த, நல்ல சம்பளமுள்ள வேலைக்காகக் காத்திருக்குமாறும் அறிவுரை கூறினர். ஆளறிந்து திட்டமிடுவதன் பயன் இதனால் விளங்குகிறதன்றோ?

ஆயினும், அந்தப் பதினொரு திட்டங்களில் பெரும்பாலானவற்றில் குடும்பத்தின் மொத்த வருமானம் உயரவில்லை. சம்பளம் ஏறிய அளவுக்கு உதவிப் பணம் வெட்டப்பட்டமையே காரணம். 1994 இல் மினசோட்டா மாநிலம் தொடங்கிய திட்டம் இதற்கு மாற்று வழி காட்டியது. வேலைக்குச் சென்றவரின் உதவியை அது ஒரேயடியாக வெட்டவில்லை. மெல்ல மெல்லவே குறைத்தது. நெடுங்காலம் உதவியில் வாழ்ந்த தனித்தாய்மாரிடையே வேலையும் பெருகியது, வருமானமும் உயர்ந்தது, வறுமையும் குறைந்தது. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முன்னேறியதையும் ஆய்வாளர் கண்டனர்.

இவ்வளவு அறிந்த நாட்டிலே பின்னர் நடந்தது என்ன? மாநிலங்களின் வெற்றியை அளக்கச் சட்டம் வைத்த அளவுகோல் வேறாக இருந்தது. உதவி பெறும் குடும்பங்களில் பாதி, குறித்த முயற்சிகளில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்பது இலக்கு. உதவி பெறுவோர் தொகை குறைந்தால் அதற்கேற்ப இலக்கும் குறையும். ஆகவே ஒரு குடும்பம் வேலை பெற்று விலகினாலும், ஒன்றும் பெறாமல் வெளியேற்றப்பட்டாலும் ஏட்டிலே இரண்டும் ஒன்றே! 1996 இல் பிள்ளைகளையுடைய 100 வறிய குடும்பங்களுக்கு 68 குடும்பங்கள் என்ற அளவில் உதவி கிடைத்தது. 2020 இல் அது 21 ஆகச் சுருங்கியது. பலர் வேலை பெற்று உயர்ந்தது மெய். வேலையும் இன்றி, உதவியும் இன்றி நின்றவர் பலர் என்பதும் மெய்.

நம் நாட்டுக்கு இதில் பாடம் என்ன?

காலவரையறையும் தொழில் திட்டமும் நமக்குப் புதியவை அல்ல. 1989 இல் வந்த ஜனசவிய, குடும்பமொன்றுக்கு 24 மாதங்களுக்கு மாதம் 2,500 ரூபா என்று கணக்கிட்டது. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு. 1,042 ரூபா சேமிப்பில் சேர்ந்து, முடிவில் 25,000 ரூபா முதலாகி, சுயதொழிலுக்கு உதவ வேண்டும் என்பது எண்ணம். 1995 இல் சமுர்த்தி வந்தது. 2023 இல் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியது. 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களை வகுத்துக் குறித்த காலத்துக்குப் பணம் வழங்குவது அதன் முறை. அந்தக் குறிகாட்டிகள் வறியவர் யாவர் என்பதை அறிய வகுக்கப்பட்டவை. வறுமையிலிருந்து வெளியேறும் வழி எது என்பதை அறிய வேறு கேள்விகள் வேண்டும்.

வன்னியிலே கணவனை இழந்து பிள்ளைகளை வளர்க்கும் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவளுக்குத் தைக்கத் தெரியும்; படிப்பும் உண்டு. கடதாசியிலே அவள் ‘ஆயத்தமானவள்’. ஆனால் முன்பள்ளி நண்பகலோடு முடிகிறது. வேலையோ மாலையில் முடிகிறது. இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை எங்கே? இக்கேள்விக்கு விடை கூறாத திட்டம் திட்டமாகாது. வயற்கூலியை நம்பியிருந்தவர்களின் நிலை என்ன? அறுவடை இயந்திரம் வந்தபின், அரிவுவெட்டு அவர்களுக்குப் பல நாள் வேலை தருவதில்லை. அவர்களிடம் ‘முன்னைய அனுபவம்’ என்ன என்று கேட்டு எழுதுவதோடு கடமை முடிந்துவிடுமா?

ஆகவே நான் வேண்டுவன நான்கு. முதலாவது, மதிப்பீடு தாயை மட்டுமன்றி, அவளுடைய ஊரையும், பாதையையும், பஸ்ஸையும், பிள்ளை பராமரிப்பையும் அளக்க வேண்டும். இரண்டாவது, திட்டத்தில் அரசாங்கத்தின் வாக்கும் திகதியோடு எழுதப்பட வேண்டும். அந்த வாக்கு நிறைவேறாதவரை தாயின் உதவிப் பணத்தில் கைவைக்கலாகாது. மூன்றாவது, முதற் சம்பளம் வந்த மாதமே உதவியை நிறுத்தாமல், படிப்படியாகக் குறைக்க வேண்டும். நான்காவது, எத்தனை பெயர்கள் இடாப்பிலிருந்து நீங்கின என்று எண்ணாமல், நீங்கியவர்கள் ஓராண்டின் பின் எவ்வாறு வாழ்கின்றனர் என்று சென்று பார்த்து எண்ண வேண்டும்.

இவை அரசாங்கம் மட்டும் செய்யக்கூடியவை அல்ல. உத்தியோகம் பார்க்கும் அன்பர்களே, படிவத்தோடு அந்த வீட்டு முற்றத்தில் நிற்பவர்கள் உங்களுள் பலர். படிவத்தில் இடமில்லாத கேள்வியையும் கேட்டு, விடையை மேலிடத்துக்கு எழுதியனுப்புங்கள். கமக்காரப் பெருமக்களே, உங்கள் சங்கங்கள் ஊர்தோறும் உள்ளன. ஊரில் எத்தனை பேருக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை உண்டு என்பதை உங்களைவிட அறிந்தவர் எவருமில்லை. அந்தக் கணக்கை எழுதிப் பிரதேச செயலகத்தின் முன் வையுங்கள்.

உதவி பெறும் தாய், அரசாங்கத்திடம் தன் வறுமையை நிரூபித்துவிட்டாள். வேலைக்குப் போகும் வழி உண்டென்று அரசாங்கம் அவளிடம் நிரூபிக்கட்டும். அதன்பின் அவளைப் போகச் சொல்லட்டும்.