பிள்ளையைப் பிரிந்தவளுக்கு யார் துணை?
(இலண்டன் ரெய்னர்ஸ் லேனில் பெற்றோருக்கும் இளையோருக்கும் ஆற்றப்பட்ட உரை)



ஈழத்தில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அயலவர் உணவு கொண்டு வருவர். 31ஆம் நாள் அந்தியேட்டி வரை உறவுகள் வந்துபோகும். ஆனால், நீதிமன்ற ஆணையால் பிள்ளையைப் பிரிந்த தாயின் வீட்டிற்கு எவரும் செல்வதில்லை. பிள்ளை உயிரோடிருப்பதால் அவளது அழுகைக்குச் சடங்குமில்லை, சாட்சியுமில்லை.

"அவள் என்ன செய்தாளோ" என்பதே ஊரின் முதற் கேள்வி. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டமோ குற்றவாளியைத் தேடுவதன்று. பிள்ளைக்குக் கடுந்தீங்கு நேர்கிறதா, நேரக்கூடுமா என்றே பார்க்கிறது. பிறர் துன்புறுத்தப்படுவதைக் கண்டும் கேட்டும் பிள்ளைக்கு ஏற்படும் பாதிப்பும் தீங்கே என 2002ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்தது. ஆகவே, கணவனிடம் அடிவாங்கியவளும் பிள்ளையை இழக்க நேரலாம். "பொறுத்துப் போ" என்று அவளுக்குக் கூறிய அதே சமூகமே பின்னர் அவளைப் பழிக்கிறது. வழக்கு மூடிய மன்றில் நடப்பதால், அவளால் வெளிப்படையாக மறுமொழி கூறவும் இயலாது.

இவ்வழக்குகளில் பெற்றோருக்கு வருமானம் பாராத இலவசச் சட்ட உதவி உண்டு, மொழிபெயர்ப்பாளரும் உண்டு. வழக்கு பொதுவாக 26 வாரங்களுள் முடிய வேண்டுமென 2014ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. வெட்கத்தால் முதற் கடிதத்தை மறைப்பவள் இழப்பது அவ்வாரங்களையே.

தீர்ப்புக் கூற நீதிமன்றம் இருக்கிறது. அயலவரின் கடமை, ஒருவேளைச் சோற்றுடன் அவள் கதவைத் தட்டுவதே. பிள்ளையின் பெயரை அவள் சொல்லும்போது, பேச்சை மாற்றாதிருங்கள்.