ஆரோக்கியமே நோக்கமாகட்டும்

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் பலர். எதன்பொருட்டுக் குறைக்க வேண்டுமென்று தீர ஆலோசித்தவர்கள் சிலரே.

லண்டன் மாநகரில் அரச குடும்பத்தாரின் ஈமச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்யும் தொழிலை நடத்திவந்த வில்லியம் பான்டிங் என்பவர், குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டவும் இயலாமல், மாடிப்படிகளில் பின்புறமாகவே இறங்க நேரும்படி 202 ராத்தல், அதாவது சுமார் 92 கிலோ, சரீர பாரத்தைச் சுமந்து அவதியுற்று, செவிப்புலனும் மந்தமாகவே, 1862-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்ற வைத்தியரை நாடினார். அவர் சொற்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கி, எனினும் பட்டினி கிடவாமல் வேளை தவறாது புசித்து, ஓராண்டில் 46 ராத்தல் குறைந்த பான்டிங், தம் அனுபவத்தை 1863-இல் சொந்தச் செலவில் சிறு பிரசுரமாக அச்சிட்டு இலவசமாக வழங்கினார். 81 வயதுவரை வாழ்ந்தார்.

அவருடைய பத்தியம் எல்லோருக்கும் பொருந்தாது. தேக சௌக்கியத்தை நாடிய அவருடைய நோக்கம் பொருந்தும். விவாகத்துக்கோ புகைப்படத்துக்கோ அவசரமாகப் பட்டினி கிடப்பவர்களுக்குத் தசையும் சேர்ந்தே கரைகிறது. விரதம் முடிந்ததும் பழைய பாரம் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்தவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2002-இல் வெளியான ஆராய்ச்சியிலோ, எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிஷம் நடப்பதையே இலக்காகக் கொண்டவர்களிடையே, அந்நோய் காணும் விகிதம் 58 சதவீதம் குறைந்தது.

ஆகவே நேயர்களே, வைத்தியரின் யோசனையைக் கேட்டு, வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலும் போதுமென்ற நிதானத்துடன், தேக சௌக்கியத்தையே இலட்சியமாகக் கொண்டு இன்றே ஆரம்பியுங்கள்.