ஈயப் பற்றா? பிரேசிங்கா?



டெல்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஏ.சி. மெக்கானிக்குக்கு அப்போதுதான் வேலை அதிகம். மொட்டை மாடியில் நின்று செம்புக் குழாயை ஒட்ட வேண்டும். அடுத்த வீட்டிலிருந்தும் ஆள் வந்து நிற்பார். அந்த அவசரத்தில் ஒரு கேள்வி எழும். சால்டரிங் செய்வதா? பிரேசிங் செய்வதா?

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

இரண்டிலும் குழாய் உருகுவதில்லை. நாம் வைக்கும் கம்பிதான் உருகுகிறது. திரியில் எண்ணெய் ஏறுவது போல அது குழாய்களின் இடுக்கில் பரவுகிறது. வேறுபாடு சூட்டில் இருக்கிறது. 450 டிகிரி செல்சியசுக்குக் கீழே உருகும் உலோகத்தால் ஒட்டினால் அது சால்டரிங். அதற்கு மேலே என்றால் பிரேசிங்.

ரேடியோ வேலைக்கு உதவும் ஈயப் பற்று சுமார் 190 டிகிரியில் உருகிவிடும். பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி உருகத் தொடங்கவே சுமார் 710 டிகிரி வேண்டும். செம்புக் குழாய் உருக 1,085 டிகிரி வேண்டும். எனவே பிரேசிங் செய்தால் குழாய்க்கு ஆபத்தில்லை.

ஏ.சி. குழாய்க்கு எது ஏற்றது?

கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. கடும் வெயிலில் ஆர்-22 வாயு ஓடும் பழைய ஏ.சி.யில் இது 250 பவுண்டுக்கு மேல் போகும். ஆர்-32 வாயு உள்ள ஏ.சி.யில் 400 பவுண்டைத் தாண்டும். கம்ப்ரசரை விட்டு வெளியேறும் குழாய் தொட முடியாதபடி சுடும். கம்ப்ரசர் ஓடும்போது குழாய் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

ஈயப் பற்று மெதுவானது. சூடும் அழுத்தமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும். முதல் நாள் நன்றாக இருக்கும். பிறகு விரிசல் விடும். வாயு கசியும். வீட்டுக்காரருக்குப் பணம் நஷ்டம். மெக்கானிக்குக்குப் பெயர் நஷ்டம். வெள்ளி கலந்த தகரப் பற்று இதைவிடப் பலமானதுதான். ஆனாலும் அழுத்தம் அதிகமுள்ள குழாய்க்குப் பிரேசிங்தான் நம்பகமானது.

எந்தக் கம்பி?

செம்போடு செம்பு சேர்க்கப் பாஸ்பரஸ் செம்புக் கம்பி போதும். ஃப்ளக்ஸ் தேவையில்லை. செம்போடு இரும்பு சேர்க்க அந்தக் கம்பி ஆகாது. இணைப்பு எளிதில் உடைந்துவிடும். அதற்கு வெள்ளி அதிகமுள்ள கம்பியும் ஃப்ளக்சும் வேண்டும். ஒட்டிய பின் ஃப்ளக்சைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாயை அரிக்கும்.

குழாயைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் அது அலுமினியமாக இருக்கலாம். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். செம்புக் கம்பி உருகும் முன் குழாயே உருகி விழும். அதற்குத் தனிக் கம்பி உண்டு.

தீயை ஏற்றும் முன்

குழாயில் உள்ள வாயுவை முதலில் சிலிண்டரில் எடுத்துவிடுங்கள். வாயு தீயில் பட்டால் நச்சுப் புகை வரும். ஆர்-32 தீப்பிடிக்கவும் கூடும். கதவு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வால்வின் மேல் ஈரத் துணி சுற்றுங்கள்.

ஒட்டும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே கருப்புச் செதில் படியும். அது உதிர்ந்து மெல்லிய குழாயை அடைக்கும். குழாய் செக்கச் சிவந்ததும் கம்பியை வையுங்கள். தீயால் கம்பியை உருக்காதீர்கள். குழாயின் சூடுதான் உருக்க வேண்டும்.

கசிவைப் பார்க்க நைட்ரஜனும் சோப்பு நீரும் போதும். ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றாதீர்கள். உள்ளே எண்ணெய் இருக்கிறது. ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். உயிர் போகும்.

ஈயப் பற்றுக்கும் இடம் உண்டு. மின் கம்பியை ஒட்டலாம். சர்க்யூட் போர்டை ஒட்டலாம். அழுத்தம் தாங்கும் குழாயில் மட்டும் அதை வைக்க வேண்டாம். பிரேசிங் செய்யக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணி நேரம் வீண் அல்ல. அதுதான் தொழிலாளியின் நாணயம்.