சட்டையைத் திருப்பிப் போடு!
(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் உங்களை ஒரு ரஷ்யக் காட்டுக்குள் அழைத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன்.

மாஸ்கோவில் அச்சான தமிழ்க் கதைப் புத்தகங்களை இந்தக் கல்லூரி நூலகத்தில்தான் முதலில் பார்த்தேன். அந்த ஆசைதான் 1984-ல் என்னை லெனின்கிராடுக்கு, இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு, மேல்படிப்புக்கு இழுத்துப் போனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அறைத் தோழனின் கிராமத்துக்குப் போய், காளான் பறிக்கக் காட்டுக்குள் நுழைந்தோம். வானம் மூட்டம். தோழன் எந்தப் பக்கம் போனான்னே தெரியலை. நேராகத்தான் நடந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், புறப்பட்ட அதே சாய்ந்த பிர்ச் மரம்! மறுபடி நடந்தேன். மறுபடி அதே மரம். கால் வெலவெலத்துப் போச்சு.

தேடி வந்த தோழனின் பாட்டி திட்டவில்லை. "லேஷி உன்னைச் சுத்த விட்டிருக்கான், மகனே. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டு, பூட்ஸைக் கால் மாத்திப் போட்டிருக்கணும்" என்றார்.

ரஷ்ய மொழியில் 'லேஸ்' என்றால் காடு. லேஷி காட்டின் சொந்தக்காரன். மரங்களுக்கு நடுவே மர உயரம், வெட்டவெளியில் புல் உயரம். உடுப்பையும் காலணியையும் இடம் வலம் மாற்றித்தான் போடுவானாம். நாமும் மாற்றிப் போட்டால் பிடி விடும் என்பது நம்பிக்கை. அணில்கள் கூட்டமாக இடம்பெயர்ந்தால், பக்கத்துக் காட்டு லேஷியிடம் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டான் என்பார்கள்!

அன்று சிரித்தேன். 2009-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள், ஆட்களைக் காட்டில் மணிக்கணக்கில் நடக்கவிட்டுப் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். சூரியன் தெரிந்தபோது ஏறக்குறைய நேராகப் போனவர்கள், மூட்டத்தில் தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்தார்கள். பாட்டி அதற்கு லேஷி என்று பெயர் வைத்திருந்தார். மருந்தும் வைத்திருந்தார். சட்டையைத் திருப்பிப் போட இரண்டு நிமிடம் நிற்க வேண்டுமல்லவா? அதற்குள் மூச்சு சீராகும், புத்தி திரும்பும்.

அந்தக் குளிர்காலத் தேர்வில் தவறினேன். ஊருக்கே போயிடலாம்னு பெட்டி கட்டினேன். மடித்து வைத்த சட்டையைப் பார்த்ததும் பாட்டி நினைவு வந்தது. அப்படியே உட்கார்ந்தேன். மறுநாள் பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன், மறுதேர்வு கொடுத்தார். பட்டத்தோடுதான் ஊர் திரும்பினேன்.

தம்பி, தங்கைகளே! வழி தவறினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். முதலில் நில்லுங்கள்.