ரேகை நம்முடையது, கணக்கு கேட்கும் உரிமையும் நம்முடையது
(தங்கவயலில் நடந்த நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இணையத்தில் நமது சொந்த விவரங்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசும்படி சங்கம் எனக்கு உத்தரவிட்டிருக்கிறது. நான் கம்ப்யூட்டர் கல்லூரியில் படித்தவனல்ல. பத்தாவது முடித்து ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். ஆனால் ஒரு மனிதனின் பெயர், வயது, விலாசம் எங்கே எழுதப்படுகிறது, எழுதிய பிறகு யார் கைக்குப் போகிறது என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற உத்தியோகம் என்னுடையது. அந்த உரிமையில் பேசுகிறேன்.

இந்த விஷயத்தை எடுத்தாலே நம்மவர்கள் ஒன்று சொல்வார்கள்: "நாம் என்ன கோடீசுவரர்களா? நம்மிடம் திருட என்ன இருக்கிறது?" தோழர்களே, இந்தக் கேள்விக்குத் தங்கவயல்காரனுக்கு வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கல்லை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் தங்கம் தெரியுமா? தெரியாது. ஒரு டன் கல்லை உடைத்து அரைத்தால் சில கிராம் கிடைத்தது. அந்தச் சில கிராமைச் சேர்த்துத்தான் கம்பெனி லண்டனுக்கு லாபம் அனுப்பியது. நமது விவரமும் அப்படியே. ஒருவருடைய செல் நம்பருக்கு விலை அற்பம். கோடிப் பேருடைய நம்பரும் வயதும் சம்பளமும் வங்கிக் கணக்கும் ஒரே இடத்தில் குவிந்தால் அது ஒரு சுரங்கம். அந்தச் சுரங்கத்துக்குள் யார் இறங்குகிறார்கள், எதைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார்கள் என்பதுதான் இன்றைய கேள்வி.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 1930-ஆம் ஆண்டு இதே மண்ணில் சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தன. எழுதப் படிக்கத் தெரியாத நமது பாட்டன்மார்கள், வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், அதன் பொருளை உடனே புரிந்துகொண்டார்கள். ரேகை ஒரு புத்தகத்தில் ஏறிவிட்டால், ஒரு சுரங்கத்தில் விலக்கப்பட்டவன் அடுத்த சுரங்கத்தில் வேலை கேட்க முடியாது. எங்கே போனாலும் அந்தப் புத்தகம் அவனுக்கு முன்னால் போய் நிற்கும். ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கும் முன்னால், 1906-லும் அதற்குப் பிறகும், தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசு இந்தியர்களின் ரேகையைக் கேட்டபோது காந்தியாருடன் சேர்ந்து எதிர்த்துச் சிறை புகுந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். ஆக, பிழைக்கப் போன இடத்தில் "உன் ரேகையைக் கொடு" என்றால் "எதற்கு?" என்று திருப்பிக் கேட்டது நமது பரம்பரை.

இன்று என்ன நடக்கிறது? கேட்காமலே கொடுக்கிறோம்.

2023-ஆம் ஆண்டு நமது கர்நாடகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெங்களூரிலும் மங்களூரிலும் பலருடைய வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிற்று. அவர்கள் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லவில்லை. ஏ.டி.எம். அட்டையை யாரிடமும் கொடுக்கவில்லை. போலீஸ் விசாரணை எங்கே போய் நின்றது? அவர்களில் பலர் அண்மையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தவர்கள். பத்திரத்தில் ஆதார் எண் இருக்கிறது, பெருவிரல் ரேகையும் இருக்கிறது. அந்தப் பத்திரத்தின் நகல் பதிவுத் துறையின் 'காவேரி' இணையதளத்தில் கிடைத்தது. ரேகையை நகலெடுத்துப் போலி விரல் செய்து, ஆதார் மூலம் பணம் எடுக்கும் கருவியில் வைத்து அழுத்திவிட்டார்கள். அந்த வசதிக்கு ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் ரேகையும் போதும். அட்டை வேண்டாம், ரகசிய எண் வேண்டாம். பாஸ்புக் எழுதக்கூட வங்கிக்கு நடக்க முடியாத முதியவர்களுக்காக வந்த நல்ல வசதி அது. அதே வழியாகத் திருடனும் வந்தான். பணம் போன பிறகுதான் நகலில் ரேகையை மறைக்கும் ஏற்பாடு பேசப்பட்டது.

தாய்மார்களே, ஒன்றை மனதில் வையுங்கள். பூட்டுக்குச் சாவி தொலைந்தால் வேறு பூட்டு வாங்கலாம். ரகசிய எண் தெரிந்துவிட்டால் வேறு எண் போடலாம். விரல் ரேகை தெரிந்துவிட்டால் வேறு விரலுக்கு எங்கே போவது?

"ஜாக்கிரதையாக இல்லாதவன் ஏமாறுகிறான், சர்க்கார் என்ன செய்யும்?" என்று சிலர் பேசுகிறார்கள். பத்திரம் பதிந்தவர் செய்த தவறு என்ன? சட்டம் கேட்டது, கொடுத்தார். 2018 ஜனவரியில் சண்டிகரிலிருந்து வரும் 'டிரிபியூன்' பத்திரிகை, 500 ரூபாய் கொடுத்து ஆதார் விவரங்களைப் பார்க்கும் வழியைத் தன் நிருபர் வாங்கியதாக வெளியிட்டது. ஆதார் ஆணையம் அதை மறுத்தது. அதன் புகாரின் பேரில் பதிவான வழக்கில் அந்த நிருபரின் பெயரும் இருந்தது. 2023 ஜூனில், தடுப்பூசிக்காகக் கொடுத்த பெயர், பிறந்த ஆண்டு, அடையாள எண் எல்லாம் டெலிகிராமில் வந்தன. அங்கேயும் ஊசி போட்டுக்கொண்டவர் செய்த பிழை ஒன்றுமில்லை. வைத்துக் காப்பவன் பொறுப்பேற்காத வரையில், கொடுப்பவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் பாதிப் பயன்தான்.

என் சொந்த இலாகாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. ரிசர்வேஷன் பெட்டியின் கதவருகே பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த சீட் என்று பட்டியல் ஒட்டுவது பழைய வழக்கம். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணின் பெயரும் வயதும் பிளாட்பாரத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். 2018 மார்ச் முதல் பெரிய நிலையங்களில் அதை நிறுத்தினார்கள். நல்லது. ஆனால் 2022 ஆகஸ்டில், பயணிகளின் விவரங்களை வைத்து எப்படிப் பணம் பண்ணலாம் என்று ஆலோசனை சொல்ல ஆள் தேடி ஐ.ஆர்.சி.டி.சி. டெண்டர் விட்டது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேட்டது. டெண்டர் வாபஸ் ஆனது. தோழர்களே, எதிர்த்தால் நிற்கும் என்பதற்கு இதைவிட அருகில் சாட்சி வேண்டுமா?

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் நமது பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பம் வண்டி ஏறிப் பெங்களூர் போகிறார்கள். செக்யூரிட்டி வேலை, துப்புரவு வேலை, கார்மெண்ட்ஸ். எந்தக் காண்டிராக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது ஆதார் நகல், பான் நகல், போட்டோ. வேலை மூன்று மாதத்தில் போய்விடும். நகல் யார் மேஜையில் கிடக்கிறது? அந்த நகலை வைத்து யார் சிம் வாங்கினான் என்று யாருக்குத் தெரியும்? சம்பளம் தாமதமானால் செல்போனில் கடன் ஆப். ஐயாயிரம் கடனுக்கு நம் போனிலுள்ள அத்தனை நம்பரையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு, ஒரு தவணை தவறினால் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு அசிங்கமாகப் பேசினார்கள். பெண்களின் படத்தை மாற்றி அனுப்பினார்கள். நாட்டின் பல ஊர்களில் மானத்துக்கு அஞ்சி உயிரை விட்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில்தான் ரிசர்வ் வங்கி, கடன் ஆப் போனிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று விதி போட்டது. விதியை மதிக்காத கள்ள ஆப்கள் இன்னும் உலவுகின்றன. 2024-ஆம் ஆண்டில் மட்டும் இணைய மோசடியில் மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசே மக்களவையில் சொல்லியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி அவர்கள் 2012-ல், எண்பத்தாறு வயதில், ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பர் 26-ல் வந்த தீர்ப்பு ஆதாரைச் செல்லும் என்று ஏற்றது. ஆனால் வங்கிக் கணக்குக்கும் செல்போனுக்கும் ஆதாரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. படிப்படியாக நடைமுறைக்கு வரும் என்கிறார்கள். விவரத்தைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்பது நல்ல அம்சம். என்ன விவரம், எதற்காக என்ற அறிவிப்பை அட்டவணை மொழிகளில் எதிலும் கேட்கலாம் என்பதும் அதில் உண்டு. தமிழ் அதில் சேர்ந்தது. ஆனால் மத்திய அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் இதே சட்டம் சுருக்கிவிட்டது. ஏழையின் விவரம் எல்லோருக்கும் தெரிய, அதிகாரியின் விவரம் யாருக்கும் தெரியாமல் போனால் அதற்குப் பெயர் பாதுகாப்பா?

நான் ஆதாரைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ரேஷனும் பென்ஷனும் அதில் தொங்குகின்றன. வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆதார் இணையதளத்திலோ ஆப்பிலோ ரேகையைப் பூட்டி வைக்கலாம். ரேஷனுக்கும் உயிர்ச் சான்றுக்கும் போகுமுன் திறந்து, வேலை முடிந்ததும் பூட்டுங்கள். ஆதார் மூலம் பணம் எடுக்கும் வசதி வேண்டாதவர் வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்தக் கேளுங்கள். நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். அதன் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையில் கெட்டுப்போன தாளையும் கேட்டு வாங்கி வாருங்கள். வீடியோவில் போலீஸ் உடுப்பில் வந்து "உங்களைக் கைது செய்துவிட்டோம்" என்பவன் திருடன். செல்போனில் கைது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

சங்கம் செய்ய வேண்டியது வேறு. நமது ஆட்களை வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு காண்டிராக்டரிடமும் மூன்று கேள்வி கேட்போம்: எதற்காக வாங்குகிறாய்? யாரிடம் கொடுக்கிறாய்? வேலை விட்டால் எப்போது அழிப்பாய்? தனியாக ஒரு பிள்ளை கேட்டால் "நாளை வராதே" என்பான். நூறு பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். இணைய மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த எண் 1930. நமது பாட்டன்மார்கள் ரேகைக்காக வேலையை நிறுத்திய ஆண்டும் அதுதான். தற்செயலாக அமைந்தது என்றாலும் தங்கவயலில் யாரும் அந்த எண்ணை மறக்க முடியாது.